வம்சத்து ஆயுசு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் அப்பாயி 94 வயதுவரை இருந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. உங்களுக்கு வாய்த்த வித்து அப்படி. எங்கள் வீட்டில் வேறு. தாத்தா மடை திருப்பப் போன இடத்தில் வரப்பிலேயே சாய்ந்தார், 51 வயது. பெரியப்பாவுக்கு 54-இல், பஸ்ஸில் போகும்போது. அப்பாவுக்கு 49. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிவரச் சொன்னார். நான் சோடாவோடு திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அப்பாவுக்கு பீடி, குடி எதுவும் கிடையாது. ஒல்லியான உடம்பு. தினமும் மில்லுக்கு சைக்கிளில்தான் போய்வந்தார். காலில்தான் ஒரு தொந்தரவு. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரித் தடித்திருக்கும், உரசும் என்று பின்வார் வைத்த செருப்பே போடமாட்டார். மற்றபடி நோய் நொடி கிடையாது.

எனக்கு இப்போது 46. 'அந்த வீட்டு ஆம்பளைகளுக்கு ஆயுசு அம்புட்டுத்தான்' என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். தங்கைக்கு 43, பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு இந்தப் பயம் இல்லை. மகன் பத்தாம் வகுப்பு. வீட்டுக் கடன் விவரத்தை அவனிடம் இப்போதே சொல்லிவைக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆயுளை முடிவு செய்வது மரபணுதானா? எச்சிலை அனுப்பினால் ஆயுசைச் சொல்லிவிடும் சோதனை இருக்கிறதாமே, செய்துகொள்ளட்டுமா?

செ., திண்டுக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. அப்பாவின் குதிகால். அதற்கு வருகிறேன். முதலில் என் அப்பாயியைப் பற்றி நான் எழுதாமல் விட்டதைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் 94 வயது இருந்தாள், உண்மை. கூடப் பிறந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் பத்து வயதைக் காணவில்லை. காலராவிலும் அம்மையிலும் போனார்கள். அதே தாய், அதே தகப்பன், அதே வித்து. தப்பிப் பிழைத்தவளை மட்டும் பார்த்துவிட்டு வம்சத்துக்குப் பெருமை சேர்ப்பது அந்த ஐந்து பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70 வயதை ஒட்டி இருக்கிறது. மூன்று தலைமுறைக்குள் நம் மரபணு ஒன்றும் மாறிவிடவில்லை. தடுப்பூசியும் குடிதண்ணீரும் பிரசவ ஆஸ்பத்திரியும் ரேஷன் அரிசியும்தான் வந்தன.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2872 ஜோடி இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டு 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களின் ஆயுள், தனித்தனிக் கருவில் வளர்ந்தவர்களுடையதைவிட எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். அதை வைத்துக் கணக்கிட்டபோது மரபணுவின் பங்கு ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் என்று விடை வந்தது. கால் பங்கு. அந்த இரட்டையர்களில் பலர் தொற்றுநோயிலும் விபத்திலும் போனவர்கள், அந்த மாதிரி வெளிக்காரணச் சாவுகளைக் கழித்தால் பங்கு பாதியை எட்டும் என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் அண்மையில் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 40 கோடிப் பேருக்கும் மேற்பட்டவர்களின் வம்சாவளிப் பட்டியலை வைத்து 2018-இல் வந்த ஆய்வு, பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே என்றது. ரத்த உறவே இல்லாத சம்பந்தி வீட்டாரின் ஆயுள்கூட ஒத்துப்போவதை அதில் கண்டார்கள். வசதி, பழக்கவழக்கம் எல்லாம் ஒத்த இடத்தில்தானே பெண் எடுக்கிறோம், கொடுக்கிறோம். அந்த ஒற்றுமையும் ரத்தத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது.

கால் பங்கு என்றால் 80 வருட ஆயுளில் 20 வருடம் மரபணு போட்ட பிச்சை என்று பொருளில்லை. ஒரு பெருங்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் ஆயுள் கூடிக் குறைகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பிறப்போடு வந்த வேறுபாட்டால் என்பதற்கான கணக்கு அது. அதைக் கொண்டுவந்து ஒற்றை ஆளின் தலையில் ஏற்றக் கூடாது. அந்தப் பங்கும் ஏராளமான மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் எச்சிலை அனுப்பி ஆயுசு கேட்கிற வேலை வேண்டாம். அந்தப் பணத்தைப் பையனின் படிப்புக்கு எடுத்துவையுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக் கதை இந்தப் பொதுக்கணக்குக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று ஆண்கள், மூவரும் திடீரென்று, மூவரும் 55-க்குள். அதோடு அந்தக் குதிகால்.

ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை, எல்.டி.எல். என்கிறார்களே அதை, ஈரல் உள்ளே இழுத்துக்கொண்டு ரத்தத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறது. இழுத்துக்கொள்ள ஈரல் செல்களின் மேல் வாசல்கள் உண்டு. அந்த வாசலைக் கட்டும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது. ஒன்று பழுதாக வந்துவிட்டால் வேலை செய்யும் வாசல் பாதியாகிவிடும். இழுக்க ஆளில்லாத கொழுப்பு பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் தேங்கி, இருதய ரத்தக்குழாய்களில் படியும். சிலருக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் படிந்து அதைக் கயிறு போலத் தடிக்கவைக்கும், சிலருக்குக் கைவிரல் முட்டிகளில் கட்டியாகத் தெரியும். ஆள் ஒல்லியாக இருக்கலாம், பீடியைத் தொடாதவராக இருக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்தப் பழுதுள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இருதய நோய் வந்துவிடுகிறது. அபூர்வமான நோயும் இல்லை, சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவர்.

நான் மருத்துவர் இல்லை, உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. அது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதுவாக இருந்தால், பரம்பரையாக வரும் கோளாறுகளிலேயே நன்றாகக் கட்டுக்குள் வரக்கூடியவற்றில் இது ஒன்று. இந்த வாசலைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் கொடுத்தார்கள். அதற்கு முன்பே ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, அரிசியில் பூத்த ஒரு பூஞ்சையிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். இன்று மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூதாதை அது. அந்த மாத்திரை ஈரலில் வாசல்களைக் கூட்டுகிறது. பழுதில்லாத பிரதி ஒன்று இருக்கிறதே, அதைக் கொண்டே கூடுதல் வாசல் கட்டவைக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அவர் காலத்தில் ஒரு லிப்பிட் பரிசோதனை, அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, செய்திருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே இந்த வாரமே லிப்பிட் ப்ரொஃபைல் எடுங்கள். எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால் இருதய மருத்துவரிடம் மூன்று சாவுகளையும் வயதோடு சொல்லுங்கள், குதிகாலைச் சொல்ல மறக்காதீர்கள். 190-க்குக் கீழே இருந்தாலும் போய்ப் பாருங்கள், இருதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள். இருதயத் தசையைப் பலவீனமாக்கும் இன்னொரு மரபணுப் பழுது தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தவரும் ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தவரும் பங்குகொண்ட ஒரு ஆய்வு 2009-இல் வெளியிட்டது. அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனால் பார்த்துவைப்பது நல்லது.

கொழுப்புப் பழுது உங்களுக்கு இருப்பது உறுதியானால் மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பதினைந்து வயது இதற்குச் சின்ன வயதில்லை, அவனுக்கும் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது வரவே இல்லை என்றால் உங்கள் வழியாக அவனுக்கு வர வழியே இல்லை. எதுவானாலும் கடன் பத்திரத்தை அவனிடம் இப்போது காட்ட வேண்டாம்.

தங்கையைப் பற்றி எழுதியதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த மரபணு இருப்பது 19-ஆம் குரோமோசோமில், ஆண் பெண் பார்த்து அது போவதில்லை. அப்பாவிடமிருந்து உங்களுக்கு வர எவ்வளவு வாய்ப்போ அவளுக்கும் அவ்வளவேதான். மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுடம்புக்கு ஓரளவு காப்பு இருப்பதால் தொந்தரவு சில வருடம் தள்ளித் தெரியும். அவளுக்கு 43. லேபுக்குப் போகிற காலையில் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலையும் பாருங்கள்.