முருங்கைப் பிசின் அம்பர் ஆகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் வீட்டு முருங்கையில் பிசின் கட்டிகட்டியாக வடிகிறது. மண்ணில் புதைந்து கிடந்தால் இதுவும் ஒருநாள் அம்பர் ஆகுமா? (திண்டுக்கல் வாசகி)

ஆகாதும்மா. அம்பர் என்பது மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து கல்போல் இறுகிய ஒருவகை மரப்பிசின். ஆனால் இரண்டு வேறு பொருள்களை நாம் 'பிசின்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முருங்கையிலும் கருவேலத்திலும் வடிவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கிறதே, அந்த இனம். மழையில் ஊறும், நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

குங்கிலியம் அப்படியல்ல. தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது, தணலில் போட்டால் மணக்கும். இது டெர்ப்பீன் வகை வேதிப்பொருள்களால் ஆனது. மரத்தில் காயம் பட்ட இடத்தில் வடிந்ததும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் பறந்துவிடும். எஞ்சியவை ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அதைச் சேறும் மணலும் மூடி, காற்றுப் படாமல் பல பத்து லட்சம் ஆண்டுகள் காப்பாற்றினால்தான் அம்பர். முழுக்க இறுகாத இளம் பிசினுக்குக் கோபல் என்று பெயர்.

தாத்தா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த தஸ்பீஹ் மாலை இருக்கிறது. 'கஹ்ருபா' மணி என்பார். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்த்தால் அசலா என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (காயல்பட்டினம் வாசகர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். குத்திய தழும்பு போகவே போகாது.

கஹ்ருபா என்பது அம்பரைக் குறிக்கும் பாரசீகச் சொல், 'வைக்கோலைப் பறிப்பது' என்று பொருள். கம்பளியில் தேய்த்த அம்பர் துரும்புகளை இழுக்கும். அம்பருக்குக் கிரேக்கர் வைத்த 'எலெக்ட்ரான்' என்ற பெயரிலிருந்துதான் மின்சாரத்தைக் குறிக்கும் 'எலக்ட்ரிக்' பிறந்தது. ஆனால் பிளாஸ்டிக் சீப்பும் காகிதத் துண்டை இழுக்கிறது, ஆகவே அது சோதனை ஆகாது.

ஒரே ஒரு மணியை நூலிலிருந்து கழற்றுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் போடுங்கள். மூழ்கினால் அம்பர் இல்லை. பெரும்பாலும் பேக்லைட்டாகவோ கண்ணாடியாகவோ இருக்கும். பேக்லைட் 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கியது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பழைய தஸ்பீஹ் மணிகள் ஏராளம், அவற்றையும் விரும்பிச் சேகரிப்பவர்கள் உண்டு. மிதந்தால்? அசல் என்று முடிவு கட்ட முடியாது. கோபலும் மிதக்கும், சிலவகைப் பிளாஸ்டிக்கும் மிதக்கும். சோதித்த மணியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்.

உறுதியாகத் தெரிய அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைதான் வழி. ஒரு பொருள் எந்த அகச்சிவப்புக் கதிர்களை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அது வரைபடமாகக் காட்டும். 1960-களில் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் வேதியியலாளர் கர்ட் பெக் இந்த முறையை அம்பருக்குக் கொண்டுவந்தார். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் அம்பரின் வரைபடத்தில் மட்டும் ஓரிடத்தில் தோள்பட்டை போன்ற ஒரு மேடு தெரியும். அதை வைத்தே, கிரேக்க நாட்டின் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்த மணிகளில் பெரும்பாலானவை வடக்கே பால்டிக் கடலோரத்திலிருந்து போனவை என்று காட்டினார். 3,000 ஆண்டுக்கும் முந்தைய வணிகப் பாதையைச் சொல்ல ஒரு மணி போதுமாக இருந்தது. அதனால்தான் ஊசி வேண்டாம் என்கிறேன்.

கடலோரத்தில் போலீஸ் பிடிக்கும் அம்பர்கிரீஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது விந்துத் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள், அதை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். அரபியில் 'அன்பர்' என்றால் முதலில் அதுதான். இரண்டும் கரையில் ஒதுங்குவதால் ஐரோப்பியர்கள் அந்தப் பெயரை மரப்பிசினுக்கும் ஒட்டிவிட்டார்கள்.

அம்பருக்குள் இருக்கும் கொசுவிலிருந்து டைனோசர் டி.என்.ஏ. எடுக்க முடியுமா?

முடியாது. 1990-களில் அம்பர்ப் பூச்சிகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாகச் சில ஆய்வுகள் வந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் திரும்பச் செய்து பார்த்தபோது எதுவும் கிடைக்கவில்லை. 2013-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் கோபலுக்குள் இருந்த தேனீக்களைச் சோதித்தார்கள். ஒன்று சுமார் 10,600 ஆண்டு, மற்றொன்று அறுபதே ஆண்டு பழையது. அவற்றிலேயே நம்பத்தக்க டி.என்.ஏ. இல்லை எனும்போது கோடி ஆண்டுகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஆன்லைனில் பூச்சி உள்ள பர்மா அம்பர் விற்கிறார்கள். மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா?

நான் வாங்கமாட்டேன். பர்மாவின் (இன்றைய மியான்மர்) கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கு அம்பர் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. 2016-இல் இறகோடு கூடிய டைனோசர் வால்துண்டு அதில்தான் வெளிவந்தது. ஆனால் அந்தச் சுரங்கங்களுக்காக ஆயுத மோதல் நடந்தது, 2017-இல் ராணுவம் அப்பகுதியைக் கைப்பற்றியது. முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை ஆராயும் சர்வதேசச் சங்கமே 2020-இல் இந்த வணிகத்திலிருந்து விலகி நிற்கச் சொன்னது. மகளுக்கு ஒரு நல்ல உருப்பெருக்கி வாங்கிக் கொடுங்கள்.

நம் நாட்டில் அம்பர் கிடைக்கிறதா? (சேலம் வாசகர்)

கிடைக்கிறது, அதுவும் எனக்கு மிகப் பிடித்த அம்பர். குஜராத்தில் சூரத் அருகே வாஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே எடுத்த சுமார் 150 கிலோ அம்பரில் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் கிடைத்ததாக 2010-இல் ஆய்வு வெளியானது. வயது 5 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்த இந்தியா வெகுகாலம் தனித்தீவாக மிதந்தது என்றால், இங்கே வேறெங்கும் இல்லாத பூச்சிகளே நிறைந்திருக்க வேண்டும். கிடைத்தவற்றிலோ பலவற்றுக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் உறவுகள் இருந்தன. அப்படியானால், நாம் நினைத்த அளவுக்கு இந்தத் தீவு தனித்திருக்கவில்லை.

அந்தப் பிசின் எந்த மரத்துடையது? வேதியியல் சொல்லும் விடை டிப்டெரோகார்ப் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியம் தரும் மரம் அதே குடும்பம்தான். (கருங்குங்கிலியம் தருவது வேறு குடும்பத்து மரம், சேர்த்துவிடாதீர்கள்.)

இதில் இன்னொரு விசேஷம். பால்டிக் அம்பர் முழுக்க இறுகியது, கரைப்பானுக்கு எளிதில் அசையாது. 'அசிட்டோனில் பிசுபிசுத்தால் கோபல், இல்லாவிட்டால் அம்பர்' என்று கடைக்காரர்கள் சொல்வது அதை வைத்துத்தான். வாஸ்தான் அம்பரோ 5 கோடி ஆண்டுக்குப் பிறகும் கரையும். அதனால் மற்ற அம்பர்களில் வெளியிலிருந்து பார்க்க மட்டுமே முடிகிற பூச்சியை, இங்கே சுற்றியுள்ள பிசினைக் கரைத்து, கால் உடையாமல் முழுசாக வெளியே எடுத்திருக்கிறார்கள்.