கடற்காகத்தின் அலகில் சொட்டும் நீர்

வணக்கம். கோடியக்கரையில் ஒரு பழுப்புத்தலைக் கடற்காகத்தின் அலகு நுனியில் நீர் சொட்டியதையும், மாடியில் நீர் வைத்து நீங்கள் பேணும் சிட்டுக்குருவிகளிடம் அதைக் கண்டதே இல்லை என்பதால் அது நோயோ என அஞ்சுவதையும் எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், அது உப்புநீர்தான்.

கடற்காகத்தின் கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் பள்ளங்களில் இரண்டு உப்புச் சுரப்பிகள் உள்ளன. கடல்நீரோடும் இரையோடும் உள்ளே போகும் மிகையான உப்பை அவை இரத்தத்திலிருந்து பிரித்து, கடல்நீரைவிடச் செறிந்த கரைசலாக மூக்குத் துளை வழியே வெளியேற்ற, அது அலகின் மேல் வழிந்து நுனியில் துளியாகத் தொங்குகிறது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், பறவை தலையை வெடுக்கென உதற, அந்தத் துளி தெறிப்பதையும் காணலாம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. 1950களின் இறுதியில் நீர்க்காகங்களிடம் இதை ஆராய்ந்து விளக்கியவர் நட் ஷ்மிட்-நீல்சன்.

சிட்டுக்குருவிக்கு அவ்வாறு செயல்படும் சுரப்பி இல்லை. ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள அந்தச் சிற்றுடல், உப்பைச் சிறுநீரகத்தின் வழியாகவே நீக்க வேண்டியிருப்பதால், உங்கள் கிண்ணத்தில் எப்போதும் நன்னீரே இருக்கட்டும். உப்பிட்ட சோற்றையும் மிக்சரையும் தயவுசெய்து போடாதீர்கள். கடற்காகம் இறக்கை தொங்கி, ஆள் நெருங்கியும் எழாமல் கிடந்தால் மட்டும் வனத்துறையினரிடம் தெரிவியுங்கள்.