எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏன் இவ்வளவு தண்ணீர்? அதைக் குறைக்க முடியுமா?

முடியும். முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் பெரும்பங்கு குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாகிப் போகிறது. அடுத்தது கொதிகலன். அப்புறம் கச்சா எண்ணெயிலிருந்து உப்பைக் கழுவும் நீர்.

கோபுரத்தில் நீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சும் நீரில் உப்பு ஏறும். அதனால் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் விடுவார்கள். உப்பு 3 மடங்கு ஆனதும் வெளியேற்றினால், ஆவியாகும் ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 50 லிட்டர் வீணாகும். 6 மடங்கு வரை தாங்கும்படி நீரைப் பக்குவப்படுத்தினால் 20 லிட்டர்தான். ஆவியாவதையும் சேர்த்தால், மொத்தத் தேவை 150 லிட்டரிலிருந்து 120 லிட்டர் ஆகிறது. என் கணிப்பில், முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் கலந்த கழிவுநீரை நீராவியால் சுத்தம் செய்து, உப்புக் கழுவவே பயன்படுத்தலாம். அதிலுள்ள ஃபீனால் என்ற நச்சுப்பொருளில் கணிசமான பகுதியைக் கச்சா எண்ணெயே இழுத்துக்கொள்ளும். கழிவுநீர் சுத்திகரிப்பின் சுமையும் குறையும். குளிர்ந்து நீரான நீராவியைக் கொதிகலனுக்கே திருப்புவதும், கசிவுகளை அடைப்பதும் செலவு குறைந்த வேலைகள்.

எவ்வளவு குறைத்தாலும் ஆவியாவதை ஈடுகட்ட நீர் வேண்டும். அது குடிநீராக இருக்கத் தேவையில்லை. சென்னை மணலியில் உள்ள சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்) சுத்திகரிப்பு ஆலை 1990களிலேயே சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கும் நிலையமும் அமைத்தது. வறட்சியில் தவிக்கும் நகரத்துக்கு இது பெரிய உதவி.