சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள், தொடர்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை? ஏன்?

என் காரணம் ஒன்றுதான். தூரத்தை மதிக்கிற கதை எனக்குப் பிடிக்கும்.

2014 செப்டம்பர் 24, காலை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு டிவியில், இஸ்ரோ செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்கிற நேரத்தில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது. மறுபடி வெளியே வந்த பிறகும் அதன் சிக்னல் பூமியை எட்ட 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே காரியம் நடந்து முடிந்துவிட்டது, இங்கே பீன்யா கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, காத்திருக்கிறார்கள். எந்தப் படத்திலும் அப்படி ஒரு படபடப்பு எனக்கு வந்ததில்லை.

நவம்பரில் 'இன்டர்ஸ்டெல்லார்' வந்தது. அப்பாவோடு போனேன். கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் 7 வருடம் போய்விடும். இது வெறும் கற்பனை இல்லை, ஈர்ப்பு அதிகமான இடத்தில் நேரம் மெதுவாகத்தான் நகரும். படத்துக்கு ஆலோசகராக இருந்த கிப் தோர்ன் 2017-ல் நோபல் வாங்கிய இயற்பியலாளர். கதாநாயகன் கூப்பர் அந்தக் கிரகத்திலிருந்து கப்பலுக்குத் திரும்பி வந்து, 23 வருடமாகச் சேர்ந்து கிடக்கிற செய்திகளை வரிசையாகப் பார்க்கிறான். மகன் வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தையும் பெற்றுவிட்டான். இவனால் பதில் சொல்ல முடியாது.

என் சின்ன வயதில் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். போன் செலவுக்குப் பயந்து, கேசட்டில் பேசிப் பதிவு செய்து, லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். நான் இரண்டாம் வகுப்பு பாஸானதற்கு அவர் சொன்ன வாழ்த்து மூன்றாம் வகுப்பு அரைப்பரீட்சை சமயத்தில் வந்து சேர்ந்தது. படம் முடிந்து எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறினோம். அல்சூர் வருவதற்குள் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த கேசட்டெல்லாம் எங்கடா இருக்கு?"

செவ்வாயிலிருந்து பூமிக்கு வீடியோ கால் பேசுகிற மாதிரி யாராவது எடுத்தால் எனக்கு அங்கேயே படம் விட்டுப்போகும். குறைந்தது 3 நிமிடம், சில சமயம் 20 நிமிடத்துக்கும் மேல் ஆகும் ஒரு வார்த்தை போய்ச் சேர. அந்த இடைவெளியில்தான் கதையே இருக்கிறது.

'தி மார்ஷியன்' (2015) நல்ல படம். ஆனால் செவ்வாயின் காற்றழுத்தம் பூமியுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. படத்தில் வருகிற மாதிரி ஆளைத் தூக்கி வீசுகிற புயல் அங்கே அடிக்காது. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட நாயகன் அங்கே விளைவிக்கிற உருளைக்கிழங்குக்காக மன்னித்துவிட்டேன்.

தமிழில் 'இன்று நேற்று நாளை' (2015). கால இயந்திரத்தை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்து சம்பாதிக்கிறார்கள். அச்சு அசலாக நம்ம ஊர் மூளை. கடந்த காலத்தில் கை வைத்ததற்கு விலையும் கொடுக்கிறார்கள், அதனால்தான் அது நிற்கிறது.

தொடரில் 'தி எக்ஸ்பான்ஸ்', 6 சீசன். மனிதர்கள் செவ்வாயிலும் அதைத் தாண்டியும் குடியேறிவிட்ட காலத்துக் கதை. விண்கப்பல் பாதித் தூரம் வேகமெடுத்து, திரும்பி நின்று, மீதித் தூரம் பிரேக் போடும். குறைந்த ஈர்ப்பில் பிறந்து நெட்டையாக வளர்ந்தவர்களைப் பூமியின் எடை வதைக்கும். தலைவர்கள் பேச வேண்டுமென்றால் பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பெயர்கள் பிடிபட முதல் நான்கு எபிசோடு ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ராத்திரி தூங்க மாட்டீர்கள்.