க்ரானில் (குறித்த நேரத்தில் கமாண்டை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடும் பேக்கப் ஸ்க்ரிப்டுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எங்கே வைப்பது? என்க்ரிப்ட் செய்தால் போதுமா?

போதாது. ராத்திரி 2 மணிக்கு ஆளில்லாமல் ஓடும் ஸ்க்ரிப்ட் பாஸ்வேர்டைத் தானே பிரித்துப் படித்தாக வேண்டும். அப்படியென்றால் பிரிக்கும் சாவியும் அதே சர்வரில்தான் கிடக்கும். பேஸ்64 (எழுத்துகளை வேறு வடிவில் எழுதும் முறை) என்றால் பூட்டே கிடையாது, ஒரே கமாண்டில் யாரும் திருப்பிவிடலாம். ஆடிட் படிவங்களில் "என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு டிக் அடித்துப் போவதால்தான் இந்த வேஷம் இன்னும் ஓடுகிறது. "அந்த ஃபைலை யார் யார் படிக்க முடியும்?" என்று கேட்கும் படிவம் அபூர்வம்.

உங்களுடையது லினக்ஸ், மைஎஸ்கியூஎல், டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் ஷெல் ஸ்க்ரிப்ட் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டேட்டாபேஸும் ஸ்க்ரிப்டும் ஒரே மெஷினில் இருந்தால் பாஸ்வேர்டே வேண்டாம். பேக்கப்புக்கென்று தனி லினக்ஸ் யூசரை உருவாக்கி, அதே பெயரில் மைஎஸ்கியூஎல் யூசரை ஆத்-சாக்கெட் முறையில் (எந்த லினக்ஸ் யூசர் என்று பார்த்தே உள்ளே விடுவது) உருவாக்குங்கள். இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் இதற்குப் பெயர் பியர். திருடுவதற்கு எதுவும் இருக்காது.

வேறு மெஷின் என்றால் பாஸ்வேர்டை எழுதிவைக்கத் தனி ஆப்ஷன் ஃபைல். முதலில் யூமாஸ்க் 077 (புது ஃபைலை மற்றவர்கள் திறக்க முடியாதபடி செய்யும் கமாண்ட்) கொடுத்துவிட்டு, எடிட்டரில் திறந்து எழுதுங்கள். எக்கோ கமாண்டால் எழுதினால் ஷெல் ஹிஸ்டரியில் தங்கிவிடும். பர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), உரிமையாளர் பேக்கப் யூசர். டம்ப் கமாண்டில் டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல் ஆப்ஷன் முதலாவதாக வர வேண்டும், பின்னால் தள்ளினால் 'தெரியாத வேரியபிள்' என்று நின்றுவிடும். பாஸ்வேர்டில் # இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் அதற்குப் பிந்தையது கமென்டாகிப் போய், அனுமதி மறுப்பு வரும். காரணம் தேடியே பொழுது போய்விடும். போஸ்ட்கிரெஸின் பாஸ்வேர்டு ஃபைலான பிஜிபாஸ் 600-ஐ விடத் தளர்வாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. நல்ல வழக்கம்.

கமாண்ட் வரியில் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் கிளையன்ட் தொடங்கியதும் அதை மறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய கணத்திலும், உங்கள் ஸ்க்ரிப்டுக்கே ஆர்குமென்டாகக் கொடுத்திருந்தால் ஓடி முடியும்வரையும், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில் மற்ற யூசர்களுக்குத் தெரியும். ஸ்க்ரிப்டில் செட் -எக்ஸ் (ஓடும் ஒவ்வொரு கமாண்டையும் அச்சிடுவது) மறந்து கிடந்தால் லாகிலும் விழும். கிட்டில் ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

"வால்ட் போடச் சொல்லாமல் இதென்ன?" என்று சிலர் வருவார்கள். வால்ட் என்பது பாஸ்வேர்டுகளை ஓரிடத்தில் காத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் தனி சர்வர். வால்ட் நல்லதுதான், சர்வர்கள் பெருகினால் அவசியமும்கூட. ஆனால் வால்டைத் திறக்கும் டோக்கனை எங்கே வைப்பீர்கள்? அதற்கும் இதே 600 ஃபைல்தான். கிளவுடில் மெஷினுக்கே ரோல் (அந்த மெஷினின் அடையாளத்தோடு வரும் அனுமதி) கொடுத்தால் மட்டும் அந்தச் சிக்கல் தீரும். சொந்த சர்வரில் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்குவது) 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்து வைக்கும் அதன் சிஸ்டம்டி-க்ரெட்ஸ் பாருங்கள். மெஷினிலேயே சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்போடு பிணைத்துவிட்டால், டிஸ்கை மட்டும் நகலெடுத்துப் போனவரால் பிரிக்க முடியாது. உபுண்டு 22.04-இல் இருப்பது 249, அங்கே கிடைக்காது.

எங்கே வைத்தாலும், அந்த டேட்டாபேஸ் யூசருக்கு ரூட் உரிமை கொடுக்காதீர்கள். சிங்கிள்-டிரான்ஸாக்ஷன், நோ-டேபிள்ஸ்பேசஸ் ஆப்ஷன்களோடு டம்ப் எடுத்தால் பெரும்பாலும் செலக்ட், ஷோ வியூ, டிரிகர் போதும். கசிந்தாலும் தரவைப் படிக்கலாமே தவிர, ஒரு வரியையும் மாற்றவோ அழிக்கவோ முடியாது.

முடித்ததும் சூடோ மூலம் நோபடி யூசராக (தனி உரிமை எதுவும் இல்லாதவர்) அந்தப் பாஸ்வேர்டு ஃபைலைக் கேட் கமாண்டால் படித்துப் பாருங்கள். 'பர்மிஷன் டினைட்' வர வேண்டும்.