சாய்ஸ் பட்டியலில் எதை மேலே போடுவது?

கேள்வி: ஐயா, பிளஸ் டூவில் என் மகனுக்குக் கணக்கில் 88, இயற்பியலில் 81, வேதியியலில் 85. பொறியியல் கவுன்சிலிங்குக்குச் சாய்ஸ் போட வேண்டும். கிண்டி, எம்.ஐ.டி. எல்லாம் நமக்குக் கிடைக்காது, அதைப் போய் மேலே போட்டால் கீழே இருப்பதும் கைநழுவிப் போய்விடும் என்று பிரவுசிங் சென்டர் தம்பி சொல்கிறார். உண்மையா?
(ஒரு தாய், ஒட்டன்சத்திரம்)

பதில்: இல்லையம்மா. அந்தத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தப்பு.

உங்கள் மகனின் கட்ஆஃப், கணக்கு 88 அப்படியே, மற்ற இரண்டிலும் பாதிப் பாதி, 40.5, 42.5, ஆக 200-க்கு 171. இந்தக் கட்ஆஃப் வரிசைப்படி அவன் முறை வரும்போது கம்ப்யூட்டர் அவனுடைய பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அந்த இடம் முன்னால் இருந்தவர்களோடு தீர்ந்துவிட்டதா, சரி, இரண்டாவது வரி. அதுவும் இல்லையா, மூன்றாவது. எது முதலில் காலியாகக் கிடைக்கிறதோ அதை அவன் பெயரில் எழுதிவிட்டுத்தான் அவனுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையிடம் போகும். அதனால் மேலே பத்து கிடைக்காத கல்லூரிகள் இருந்தாலும் பதினொன்றாவதை யாரும் முந்திக்கொண்டு எடுத்துவிட முடியாது. நஷ்டம் வருவது தலைகீழாகப் போட்டால்தான்: "இது நிச்சயம் கிடைக்கும்" என்று சுமாரான ஒரு கல்லூரியை முதலில் வைத்தால் அதையே கொடுத்துவிடும், அதற்குக் கீழே நல்ல கல்லூரியில் இடம் காலியாகவே கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 2017 வரை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே மூட்டை முடிச்சோடு போய், திரையில் காலியிடத்தைப் பார்த்து, அந்த நிமிடமே ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே இல்லாத இடத்தைக் கேட்டு நின்றால் நேரம்தான் போகும். 2018-ல் ஆன்லைன் வந்த பிறகும் அந்தப் பதற்றம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

பட்டியலை நீளமாகப் போடுங்கள், இத்தனைதான் என்ற வரம்பு கிடையாது. பத்துப் பதினைந்தோடு நிறுத்தி, அத்தனையும் தீர்ந்து, ஒரு சீட்டும் இல்லாமல் அந்தச் சுற்றை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கவுன்சிலிங் இணையதளத்தில் போன வருடம் எந்தக் கட்ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பது கல்லூரிவாரியாக, பாடவாரியாக, இனவாரியாக இருக்கும். உங்கள் பிரிவில் 171-க்குக் கீழே இறங்கிய இடங்கள் அடிப்பகுதியில் நிறைய இருக்கட்டும். இடம் ஒதுக்கிய பிறகு "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் அதைத் தாருங்கள்" என்றும் சொல்லலாம், ஆனால் மேலே கிடைத்துவிட்டால் பழையது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அப்புறம், பாஸ்வேர்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும், சென்டரில் வேண்டாம்.

கேள்வி: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தேன். அக்கா பி.எஸ்சி. முடித்துவிட்டாள். எனக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டா?
(ஒரு மாணவி, அரியலூர்)

பதில்: கிடைக்காது கண்ணு. அக்கா பட்டம் வாங்கியதோடு உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கு முடிந்தது. ஆனால் அதற்காக இ-சேவை மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை, ஏனென்றால் உன்னிடம் அதைவிடப் பெரியது இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-லிருந்து பொறியியலுக்கும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி என்ற இடத்தைக் கவனமாக நிரப்பு, ஏழு வருடமும் அங்கேதான் படித்தாய் என்பதற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி வை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு இதைக் கேட்டால் கிடைக்காது.

கேள்வி: எனக்கு ரேண்டம் எண் ரொம்பச் சின்னதாக வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
(ஒரு மாணவர், திருப்பத்தூர்)

பதில்: கட்ஆஃப் ஒன்றாக இருந்தால் முதலில் கணக்கு மதிப்பெண், அடுத்து இயற்பியல், இப்படி வரிசையாகப் பார்ப்பார்கள். பிறந்த தேதி வரை எல்லாமே ஒன்றாக இருக்கும் ஒருவர் உங்களுக்குப் போட்டியாக வந்தால்தான், கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி போட்டுத் தரும் அந்த ரேண்டம் எண்ணுக்கு வேலை; அப்போதுதான் பெரிய எண் வைத்திருப்பவர் முந்துவார். தூங்குங்கள் தம்பி.