தம்பி கையில கட்டிவிட்ட வாட்ச்

கேள்வி: என் தம்பி சிங்கப்பூர்ல கம்பி கட்டுற வேலை பாக்குறான். போன மாசம் சைட்ல எல்லாருக்கும் வாட்ச் மாதிரி ஒண்ணு கட்டி விட்டாங்களாம், நாடித்துடிப்பு, உடம்பு சூடு எல்லாம் ஆபீஸ்ல தெரியுமாம். துடிப்பு கூட காட்டினா ஊருக்கு அனுப்பிடுவாங்களோன்னு பயப்படுறான். கட்டவா, கழட்டவா?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: கட்டிக்கச் சொல்லுங்கம்மா, ஆனா அத முழுசா நம்ப வேணாம். அடியில பச்சையா ஒரு லைட் மினுக்கும் பாருங்க, அது தோலுக்குள்ள ஓடுற ரத்தத்துல பட்டு திரும்பி வர்றத வச்சுத்தான் துடிப்ப எண்ணுது. உடம்புக்குள்ள இருக்குற சூட்ட நேரா அளக்கல, துடிப்பு ஏறுறத வச்சு ஒரு கணக்கு போடுது, அவ்ளோதான். லூசா கட்டினாலோ, அந்த இடத்துல பச்சை குத்தியிருந்தாலோ, மெஷின் பிடிச்சு கை அதிர்ந்தாலோ தப்பா காட்டும். வாட்ச் நார்மல்னு சொல்லுது, ஆனா தலை சுத்துதுன்னா உக்காந்துடணும்.

180ல வயசக் கழிங்க, 30 வயசுன்னா 150. துடிப்பு அதுக்கு மேலயே சில நிமிஷம் நின்னா வேலைய நிறுத்தணும். (இதுக்கு வாட்ச்சே வேணாம், மணிக்கட்டுல ரெண்டு விரல் வச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா போச்சு.)

இன்னொண்ணு, தம்பிக்கு இது தெரியுமான்னு கேளுங்க. அங்க 2023 அக்டோபர்ல இருந்து சைட்ல மணிக்கொரு தடவை வெப்பம் அளக்கணும், சாதா தெர்மாமீட்டர், கருப்பு உருண்டைக்குள்ள ஒண்ணு, ஈரத்துணி சுத்தினது ஒண்ணு, மூணையும் சேத்து எடுக்குற அளவு அது. அந்த ஊர் புழுக்கத்துல வேர்வை காயாது, காயலன்னா உடம்பு குளிராது, அதான் அந்த அளவுல ஈரத்துணிக்கு மட்டும் பத்துல ஏழு பங்கு. அந்த அளவு 32 டிகிரி ஆச்சுன்னா கடும் வேலை செய்றவங்களுக்கு மணிக்கு 10 நிமிஷம், 33 ஆச்சுன்னா 15 நிமிஷம் நிழல்ல ரெஸ்ட் குடுத்தே ஆகணும், வாட்ச் கத்தினாலும் கத்தலன்னாலும்.

அவன் பயம் நியாயம்தான், சிலதுல எங்க நிக்குறான்னு கூட தெரியும், பாத்ரூம்ல எத்தனை நிமிஷம் இருந்தேன்னு கேக்க எவ்ளோ நேரமாகும்? அதனால அலாரம் அடிச்சா யார் போனுக்குப் போகுதுன்னு சேஃப்டி ஆபீசர்கிட்ட நாலு பேரா சேந்து போய் கேக்கட்டும். சூப்பர்வைசர் போனுக்கு மட்டும்தான் போகுது, அவரும் "இந்த வரிசைய முடிச்சிட்டு உக்காரு"ங்கற ஆளுன்னா, கட்டியும் பிரயோஜனம் இல்ல. டூட்டி முடிஞ்சா கழட்டலாமான்னும் கேட்டுக்கட்டும், கழட்டலாம்னா டார்மிட்டரிக்கு கொண்டு போகாம சைட்லயே சார்ஜ் போட்டுட்டு வரச் சொல்லுங்க.